பொம்பெரிப்பொஸ்ஸாவின் கணக்கு: சேமநல அரசும் வரிச்சுமையும் பற்றிய ஒரு திறனாய்வு

அரசிறை பற்றிப் புலவர் அரசர்க்கு எடுத்துரைத்தல் தமிழிலக்கியத்திலே மிகப் பழைய வழக்காகும். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய புறநானூற்று 184ஆம் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. விளைவை அறுத்து அளவாக ஊட்டினால், சிறியதொரு நிலமும் யானைக்குப் பல நாளைக்குப் போதியதாகும். யானை தானே வயலினுட் புகுமாயின், நிலம் எத்துணைப் பெரிதாயினும், அது தின்றதினும் மிதித்து அழித்ததே மிகுதியாகும். இவ்வுவமையிலே ஊன்றி நோக்கற்பாலதொரு நுட்பம் உண்டு. யானைக்கு உணவிடல் வேண்டாம் என்று புலவர் கூறினாரல்லர். உண்ணும் அளவையும் உண்ணும் வழியையும் அவர் வேறு பிரித்துக் காட்டினார். இறை இன்றி அரசு இல்லை என்பது அவர் அறிந்ததே. இறை வாங்கும் முறை தவறினால் குடியும் கெடும், அரசும் பயன் பெறாது என்பதே அவர் அறிவுறுத்தியதாகும்.

இதே பொருளை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழித்து, வட ஐரோப்பாவிலே, குழந்தைகளுக்குக் கதை எழுதும் ஒரு மூதாட்டி தம் நாட்டு நிதி அமைச்சருக்கு எடுத்துரைத்தார். அவர் அஸ்திரித் லிண்ட்கிரேன். சுவீடன் நாட்டின் சுமொலாண்ட் மாகாணத்திலே 1907ஆம் ஆண்டில் ஒரு கமக்காரர் குடும்பத்திற் பிறந்த அவர், 1945இல் வெளிவந்த பிப்பி என்னும் சிறுமியின் கதையால் உலகப் புகழ் பெற்றவர். 1976ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆந் தேதி எக்ஸ்பிரெசென் என்னும் நாளிதழிலே, ‘மொனிஸ்மானியாவிற் பொம்பெரிப்பொஸ்ஸா’ என்ற அவருடைய நையாண்டிக் கதை வெளிவந்தது. சேமநல அரசு பற்றி எழுதப்பட்ட பல நூறு பொருளியல் நூல்கள் எழுப்பாத ஆரவாரத்தை அச்சிறு கதை எழுப்பியது. அது கூறுவது யாது, அது கூறுவதில் மெய் எவ்வளவு, அது கூறாது விட்டது யாது என்பன ஆராயற்பாலன.

கதையின் போக்கு எளியது. மொனிஸ்மானியா என்பது ஒரு நாடு. ஒரே கட்சி நெடுங்காலம் ஆண்டுவந்த சுவீடனையே அப்பெயர் சுட்டுகின்றது என்பதை அந்நாட்டு வாசகர் உடனே உணர்ந்தனர். அந்நாட்டிலே குழந்தைகளுக்குக் கதையெழுதிப் பிழைப்பவள் பொம்பெரிப்பொஸ்ஸா. அவள் தன் நாட்டின் காடுகளையும் மலைகளையும் ஏரிகளையும் நேசிப்பவள். அதனை ஆளும் அறிஞர்களையும் நேசிப்பவள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களுக்கே வாக்களித்து வந்தவள். எவரும் வறுமையால் வாடாது, எல்லோரும் சேமநலம் என்னும் பணியாரத்தில் ஒரு துண்டு பெறுவது கண்டு மகிழ்பவள். அதனைச் சுடுவதில் தனக்கும் சிறு பங்கு உண்டென்று பெருமைப்படுபவள். ஒருநாள் நண்பரொருவர், அவ்வாண்டில் அவளுடைய எல்லை வரிவீதம் நூற்றுக்கு 102 ஆகும் என்று தெரிவிக்கின்றார். நூற்றில் அத்தனை வீதங்கள் இருத்தல் இயலாது என்று அவள் முதலில் மறுக்கின்றாள். பின்னர் தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கின்றாள்.

அக்கணக்கே கதையின் உயிர்நிலை. முதல் 150,000 குரோனர் வருமானத்துக்கு வரியாக 108,000 போக, 42,000 அவளுக்கு எஞ்சுகின்றது. அதற்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு நூறு குரோனருக்கும் அவள் 102 குரோனர் செலுத்தல் வேண்டும். அவ்வாண்டில் அவள் நூல்கள் ஈட்டியதோ இருபது இலட்சம். ஆகவே மேலதிகமான 1,850,000 குரோனருக்கு வரி 1,887,000, முழு வரி 1,995,000, எஞ்சுவது 5,000. ஒன்றரை இலட்சத்தோடு நின்றிருப்பின் 42,000 அவள் கையில் இருந்திருக்கும். அதற்கு மேல் அவள் நூல்கள் விற்றமைக்காக அவள் இழந்தது 37,000. பொது உதவிப் பணம் பெற்று வாழ்வதே இதனினும் மேல் என அவள் எண்ணுகின்றாள். இறுதியில், தெருவிலே இரந்து பெற்ற காசில் ஒரு கடப்பாரை வாங்கி அரசின் பணப்பெட்டியை உடைக்க முற்படும் நிலைக்கு அவள் வந்துவிடுகின்றாள். இனி நூல் எழுதுவதில்லை என்ற முடிவோடு கதை நிறைவெய்துகின்றது.

இது கற்பனைக் கணக்கன்று என்பதே இக்கதைக்கு வலிமை தந்தது. பிறரிடம் ஊழியம் செய்யாது தம் தொழிலைத் தாமே நடத்துவோர், வருமான வரியோடு, வேலைகொள்வோர் செலுத்தவேண்டிய சமூகக் காப்புக் கட்டணத்தையும் தாமே செலுத்தவேண்டியவராயினர். எழுத்தாளரும் இவ்வகையினரே. தனித்தனி நோக்கின் இரண்டு விதிகளுக்கும் நியாயம் உண்டு. இரண்டும் ஓரிடத்திற் கூடியபோது நியாயத்தின் எல்லை கடந்தது. நூறு வீதத்துக்கு மேற்பட்ட வரியை எந்தப் பாராளுமன்றமும் வேண்டுமென்று விதித்தல் அரிது. நல்லெண்ணத்தோடு பிறந்த இரு சட்டங்கள் ஒன்றையொன்று நோக்காது வளர்ந்தமையாலே விளைந்த விளைவு இது. கதையில் வரும் அறிஞர்கள் கொடியவராக அன்றித் தம் கணக்கைத் தாமே பாராதவராகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம் எனலாம்.

1955 முதல் நிதி அமைச்சராக விளங்கிய குன்னார் ஸ்ட்ரெங், பாராளுமன்றத்திலே இக்கதையை எள்ளிப் பேசினார். எழுத்தாளரின் இலக்கிய ஆற்றலைப் புகழ்ந்த அவர், வரிமுறையின் நெளிவு சுழிவுகளை அவ்வம்மையார் அறியார் என்றார். லிண்ட்கிரேன் அளித்த மறுமொழி நாடெங்கும் பரவிற்று: கதை சொல்ல அமைச்சர் நன்கு கற்றுள்ளார், கணக்கிடவோ அவருக்குத் தெரியவில்லை, இருவரும் தொழிலை மாற்றிக்கொள்ளல் நன்று என்பது அதன் கருத்து. பின்னர் கணக்கு எழுத்தாளருடையதே சரியென்பது வெளிப்பட்டது. அதே ஆண்டு சனவரி 30ஆந் தேதி, புகழ்பெற்ற திரைப்பட நெறியாளர் இங்மார் பேர்க்மன், ஸ்ரொக்கோமிலுள்ள அரச நாடகசாலையில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த வேளையிலே, வரி தொடர்பான விசாரணைக்காகப் பொலிசாரால் அழைத்துச் செல்லப்பட்டிருந்தார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டதெனினும், ஏப்பிரலில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று வலியுறுத்தின.

அவ்வாண்டு செப்டெம்பரில் நிகழ்ந்த தேர்தலிலே ஒலொவ் பால்மே தலைமை வகித்த சமூக சனநாயகக் கட்சி ஆட்சியை இழந்தது. 1936ஆம் ஆண்டுக் கோடையின் சிறு இடைவெளி தவிர, 1932 முதல் 44 ஆண்டுகள் நீடித்த ஆட்சி அது. ஒரு கதை ஓர் அரசைக் கவிழ்த்தது என்று அன்று முதல் பலரும் சொல்லி வருகின்றனர். இலக்கியத்துக்குப் பெருமை சேர்க்கும் இக்கூற்று உவந்து ஏற்கத்தக்கதாய்த் தோன்றினும், உண்மையை நோக்குங்கால் அளவு குறைத்தே ஏற்கற்பாலது. அக்கட்சி 1973இற் பெற்ற வாக்குகள் 43.6 வீதம், 1976இற் பெற்றவை 42.7 வீதம். வேறுபாடு ஒரு வீதத்துக்கும் குறைவு. அணுமின் நிலையங்கள் பற்றிய பிணக்கும் அத்தேர்தலின் பெரும் பொருளாய் விளங்கிற்று. அன்றியும், புதிதாக வந்த வலதுசாரிக் கூட்டரசு சேமநலத் திட்டங்களைக் கலைக்கவில்லை; 1982 வரை நீடித்த அவ்வாட்சிக் காலத்திலும் பொதுச் செலவு ஏறியே சென்றது. மக்கள் வெறுத்தது பணியாரத்தையன்று, அதற்கு மா அளந்த முறையையே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கதையின் இலக்கியத் தகுதி அதன் குரலிலே தங்கியுள்ளது. குழந்தைக் கதைகளுக்குரிய எளிய நடையும் வெகுளித்தனமும் அதன் கருவிகள். வரிச்சட்டத்தின் மொழியையும் கதைப்பாட்டியின் மொழியையும் அருகருகே வைத்த அளவில் முன்னதன் பொருந்தாமை தானே புலனாகின்றது. நையாண்டி எழுதுவோர் பெரும்பாலும் எதிர்த்தரப்பில் நின்று எழுதுவர். அதனால் அவர் சொல்லுக்கு மதிப்புக் குறையும். லிண்ட்கிரேனோ அச்சேமநல அரசை ஆதரித்து வந்தவர். நேசித்தவர் கூறும் குறையாதலின் அதனைப் பகைவர் சொல்லென்று தள்ளுதல் அமைச்சர்க்கும் இயலவில்லை. இடித்துரைக்கும் நண்பனின் இடம் அக்கதைக்கு உரியது. பிசிராந்தையாரின் பாட்டுக்கும் இக்கதைக்கும் உள்ள உறவும் இதுவே.

ஆயினும், ஒரு கதை எடுத்துக்கொண்ட கணக்கைச் சரியாகச் செய்தமையால் மட்டும் முழுக் கணக்கையும் செய்ததாகாது. பொம்பெரிப்பொஸ்ஸாவின் தாளிலே ஒரு பக்கமே நிரம்பியுள்ளது. செலுத்தியது எவ்வளவு என்பது அதில் உண்டு. அப்பணம் எதுவாய் மாறிற்று என்பதோ ஒரு பணியார உவமையோடு முடிந்துவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சுவீடன் வறிய நாடு. அதன் மக்களிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் 1850ஆம் ஆண்டுக்கும் 1930ஆம் ஆண்டுக்கும் இடையில் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். சுமொலாண்டின் கல் நிறைந்த வயல்களை விட்டுச் சென்றவரும் அவருட் பலர். அந்நாட்டை ‘மக்களின் இல்லம்’ ஆக்கவேண்டும் என்று பேர் அல்பின் ஹான்சன் 1928இற் பாராளுமன்றத்திற் பேசினார். நல்ல குடும்பத்திலே செல்லப் பிள்ளை என்றும் மாற்றாந்தாய்ப் பிள்ளை என்றும் வேறுபாடு இல்லை என்பது அவர் கருத்து. பிறப்பு வீதம் வீழ்ந்த காலத்தில், 1934ஆம் ஆண்டு, அல்வா மிர்டாலும் குன்னார் மிர்டாலும் எழுதிய நூல், பிள்ளை வளர்ப்பின் செலவைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ளல் வேண்டுமென வாதித்தது. 1948 முதல், செல்வர் வறியவர் என்னாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவிப்பணம் வழங்கப்பட்டது. வருமானத்துக்கேற்ற ஓய்வூதியச் சட்டம் 1959இலே ஒரேயொரு வாக்கின் வேறுபாட்டில் நிறைவேறிற்று. பிள்ளை பிறந்தால் தாயோ தந்தையோ வீட்டிலிருக்க ஊதிய ஈடு வழங்கும் காப்புறுதி 1974இல் வந்தது. எழுத்தாளர்க்கும் பங்கு இல்லாமற் போகவில்லை. நூலகங்களிலே இரவல் வழங்கப்படும் நூல்களுக்காக அவர்க்கு ஈடு செய்யும் முறை 1954இல் ஏற்பட்டது. பிப்பியின் கதையை விலைகொடுத்து வாங்க இயலாத பிள்ளையும் அதனைப் படித்தது பொது நூலகத்திலும் பொதுப் பாடசாலையிலுமே என்பது கதையிற் குறிக்கப்படாத மறுபக்கம்.

இன்னொரு குறையும் உண்டு. உழைப்புக்கான கூலியும் முன்செய்த உழைப்பால் வந்துகொண்டிருக்கும் வருவாயும் பொருளியலில் ஒரே தன்மையன அல்ல. பொம்பெரிப்பொஸ்ஸாவின் வருமானத்திற் பெரும்பங்கு முன்னரே எழுதி முடித்த நூல்களிலிருந்து வருவது. அதன்மீது உயர்ந்த வரி விதித்தலால், எழுதிய நூல் எழுதப்படாததாகிவிடாது. ஆதலின் அத்தகைய வருமானத்தின் பெரும்பங்கை அரசு கொள்வதைப் பலர் நியாயம் என்பர். நூற்றுக்கு 80 என்பது வாதத்துக்குரிய பொருள். நூற்றுக்கு 102 என்பது வாதத்துக்கு அப்பாற்பட்டது. இவ்விரண்டையும் கதை வேறு பிரிக்கவில்லை. மிகையைக் கண்டு சிரித்த வாசகர் பலர் வரியையே கண்டு சிரிக்கலாயினர்.

இக்கதை வெளிவருதற்கு ஓராண்டு முன்னர், 1975இல், அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆதர் ஓக்கன் சமத்துவத்துக்கும் வினைத்திறனுக்கும் உள்ள முரண் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். செல்வரிடமிருந்து வறியவர்க்குப் பணத்தைக் கொண்டு செல்லும் வாளி ஓட்டை வாளியாகும்; வழியிலே ஒரு பகுதி ஒழுகிவிடும்; எவ்வளவு ஒழுகினாலும் தொடர்ந்து சுமக்கலாம் என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றைக் கேட்டே முடிவுசெய்தல் வேண்டும் என்பது அவர் உவமை. பணியாரம், வாளி, யானை ஆகிய மூன்று உவமைகளையும் ஒப்புநோக்கின் உண்மை தெளிவாகும். பணியார உவமை பங்கீட்டைக் காட்டும். பணியாரம் சிறுத்துப்போகக்கூடும் என்பதைக் காட்டாது. வாளி உவமை இழப்பைக் காட்டும். அந்நீர் வறண்ட நிலத்தில் விழுந்து அடுத்த விளைவுக்கு உதவுவதைக் காட்டாது. நோயுற்ற தொழிலாளி குணமடைந்து வேலைக்குத் திரும்புதலும், வறிய வீட்டுப் பிள்ளை பொறியியலாளன் ஆதலும் ஒழுக்கு அல்ல, முதலீடே. யானை உவமையோ இரண்டையும் தன்னுள் அடக்கியது. யானையும் உண்ணவேண்டும், வயலும் மறுபோகம் விளையவேண்டும்.

வரியின் தீங்கை அளக்கும் கோல் மொத்த வரியன்று, கடைசி நூறு குரோனர் மீதுள்ள வரியே என்பது இக்கதை உணர்த்தும் மெய்ப்பொருள். இது செல்வர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 1971ஆம் ஆண்டு வரை சுவீடனிலே கணவன் மனைவியர் வருமானங்கள் ஒன்றாகக் கூட்டப்பட்டே வரி விதிக்கப்பட்டன. வீட்டிலிருந்த மனைவி வேலைக்குச் சென்று பெறும் முதற் காசின் மீதே கணவனின் மேல்வீத வரி விழுந்தது. தனித்தனி வரிமுறை வந்தபின், பகற் பராமரிப்பு நிலையங்களும் பெருகவே, மணமான பெண்கள் பெருந்தொகையினராய் வேலைக்குச் சென்றனர். சேமநலச் செலவும் வரிச்சீர்திருத்தமும் ஒன்றுக்கொன்று துணையாய் உழைப்பைப் பெருக்கிய காட்சி இது. மறுதலைக் காட்சியும் உண்டு. நோய் விடுப்பின் முதல் நாளுக்கு ஊதியம் இல்லை என்னும் விதி 1987இல் நீக்கப்பட்டு, ஈடும் உயர்த்தப்பட்டது. உடல்நலத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற மக்களிடையே நோய் விடுப்பு வெகுவாக மிகுந்தது. 1993இலே அந்த ஊதியமற்ற முதல் நாள் மீண்டும் புகுத்தப்பட்டது. மக்கள் தீயவர் என்பது இதன் பொருளன்று. விதி எப்பக்கம் சாய்ந்துள்ளதோ அப்பக்கம் மனித இயல்பும் மெல்ல மெல்லச் சாயும் என்பதே பொருள்.

இவ்வுண்மையைச் சேமநல அரசின் சிற்பிகளுள் ஒருவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். குன்னார் மிர்டால் 1978இல் எழுதிய கட்டுரையொன்றிலே, நேர்மைக்குப் பெயர்பெற்ற சுவீடன் மக்களை வருமான வரி தந்திரக்காரராக மாற்றி வருகின்றது என்று வருந்தினார். வருமானத்தினும் நுகர்வின் மீது வரி விதித்தலே தக்கது என்னும் பக்கம் அவர் சாய்ந்தார். வருமானத்தையன்றிச் செலவை வரிக்கு அடிப்படையாக்கும் இக்கருத்துக்கு 1955இலே நூல் வடிவம் தந்தவர் கேம்பிரிச்சுப் பொருளியலறிஞர் நிக்கலஸ் கல்டோர். அவருடைய ஆலோசனையின்படி அவ்வரி 1959இல் விதிக்கப்பட்ட நாடு இலங்கை. நிருவாகச் சிக்கலால் அது இங்கு நிலைபெறவில்லை. கொள்கை நன்றாயினும் அதனைச் செலுத்தும் வண்டியும் வலியதாதல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும் பாடம்.

செல்வர் வெளியேறுதலும் கணக்கிற் சேர்க்கப்படல் வேண்டும். லிண்ட்கிரேனைப் போலச் சுமொலாண்டிலே பிறந்தவரும், ஐக்கியா என்னும் தளபாட நிறுவனத்தைத் தோற்றுவித்தவருமான இங்வார் காம்பிராட், 1970களிலே நாட்டை விட்டு நீங்கி டென்மார்க்கிலும் பின்னர் சுவிற்சலாந்திலும் வாழ்ந்து, 2014இலேயே திரும்பினார். நிலம் பெயர்க்க இயலாதது; முதலோ ஒரே இரவில் எல்லை கடக்கவல்லது. எளிதில் ஓடக்கூடியதன் மீது கடும் வரி விதித்தால் எஞ்சுவது ஓட இயலாதவர் மீதே விழும். இதனை உணர்ந்த சுவீடன், பிற்காலத்தில் எதிர்த்திசையிலே நெடுந்தூரம் சென்றது. மரணத்தின்பின் சொத்துரிமை மாறும்போது விதிக்கப்பட்ட வரி 2004ஆம் ஆண்டு இறுதியிலும், செல்வ வரி 2007இலும் ஒழிக்கப்பட்டன. சமத்துவத்துக்குப் பெயர்பெற்ற நாடு, பெருஞ் சொத்துக்களைத் தலைமுறை தலைமுறையாக வரியின்றிக் கைமாற விடும் நாடாயிற்று. 1980களுக்குப் பின் அங்கு வருமான ஏற்றத்தாழ்வும் மிகுந்தே வந்துள்ளது. வினைத்திறனுக்காகச் செலுத்தப்பட்ட விலை இது; இதனையும் மறைத்தலாகாது.

பெருஞ் சீர்திருத்தம் 1991இல் வந்தது. சமூக சனநாயகக் கட்சியும் மக்கள் கட்சியும் உடன்பட்டு இயற்றிய அச்சட்டம், மேல்வீதங்களை ஏறத்தாழ 50 வீதத்துக்குக் குறைத்தது. முதல்வழி வருமானத்துக்கு 30 வீதம் என்ற ஒரே வரியை வகுத்தது. சலுகைகளையும் விலக்குகளையும் நீக்கிப் பெறுமதி சேர் வரியின் பரப்பை விரித்தது. அதனையடுத்துப் பெரும் நெருக்கடி வந்தது. 1991 முதல் 1993 வரை மூன்றாண்டுகள் தேசிய உற்பத்தி வீழ்ந்தது. 1990இல் இரண்டு வீதத்துக்கும் குறைந்திருந்த வேலையின்மை 1993இல் எட்டு வீதத்தைத் தாண்டியது. 1960இலே தேசிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்களவாயிருந்த பொதுச் செலவு மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டது. 1992 செப்டெம்பர் 16ஆந் தேதி நாணயத்தைக் காக்க மத்திய வங்கி வட்டியை 500 வீதமாக்கிற்று. ஆயினும் நவம்பரில் நாணயம் மிதக்கவிடப்பட்டது. சேமநலமே நாட்டைக் கெடுத்தது என்று சிலர் இதனைக் காட்டி முடிவு கூறுவர். 1985இற் கடன் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபின் வீடு நிலங்களின் விலை மிதமிஞ்சி ஏறியதும், நிலைநிறுத்தப்பட்ட நாணய மாற்று வீதமும் நெருக்கடிக்குப் பெருங் காரணங்கள். சேமநலம் நெருக்கடியைப் பிறப்பித்தது என்பதினும், நெருக்கடி வந்தபோது தாங்கமுடியாத அளவுக்கு அதன் வாக்குறுதிகள் வளர்ந்திருந்தன என்பதே பொருத்தம். அதன்பின் ஓய்வூதிய முறை திருத்தப்பட்டது, உதவிகள் குறைக்கப்பட்டன, ஆனால் மருத்துவமும் கல்வியும் பிள்ளைகளின் உதவிப்பணமும் ஒழிக்கப்படவில்லை. 1990 அளவிலே தேசிய வருமானத்தின் பாதியளவாயிருந்த வரிகள், பின்னர் நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட அளவுக்கு இறங்கின. அவ்வளவில் வரி செலுத்தியும் அந்நாடு செல்வம் மிக்க நாடாகவே விளங்குகின்றது.

இதனைத் தாங்குவோர் யாவர் என்ற வினாவுக்கு விடை கதையில் இல்லை. இருபது இலட்சம் ஈட்டும் எழுத்தாளர் எந்நாட்டிலும் சிலரே. அவரிடம் முழுவதையும் கவர்ந்தாலும் ஒரு நாட்டின் மருத்துவமனைகளை நடத்துதல் இயலாது. சுவீடனின் சேமநலத்தைத் தாங்குவன, சாதாரண ஊழியர் தம் உள்ளூராட்சி மன்றங்களுக்குச் செலுத்தும் ஏறத்தாழ முப்பது வீத வருமான வரியும், ஒவ்வொரு சம்பளத்தின் மீதும் விதிக்கப்படும் 31.42 வீதக் காப்புக் கட்டணமும், 25 வீதப் பெறுமதி சேர் வரியுமே. ஆசிரியரும் தாதியரும் பேருந்துச் சாரதியும் செலுத்துவதே ஆசிரியர்க்கும் தாதியர்க்கும் பேருந்துச் சாரதிக்கும் வேறொரு பருவத்திலே திரும்பி வருகின்றது. பிள்ளைப் பருவத்திற் பெற்றதை நடுவயதிற் செலுத்தி, முதுமையில் மீண்டும் பெறும் ஏற்பாடு அது. செல்வரிடம் பறித்து வறியவர்க்கு வழங்கல் என்று அதனை இகழ்வோரும் புகழ்வோரும் ஒருங்கே தவறுகின்றனர்.

இலங்கைக்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. 1945இல் இலவசக் கல்வியை ஏற்ற நாடு இது; அதனால் உயர்ந்த குடும்பங்கள் பல. 1953இலே பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகத்து 12ஆந் தேதி ஹர்த்தால் வெடித்து, ஒக்டோபரிலே பிரதமர் பதவி விலக நேர்ந்தது. கொடுத்ததைத் திரும்பப் பெறுதல் எத்துணைக் கடினம் என்பதை அது காட்டிற்று. 2019ஆம் ஆண்டு இறுதியிலோ நேர்மாறானது நிகழ்ந்தது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கப்பட்டது; வேறு வரிகளும் குறைக்கப்பட்டன; அரச வருவாய் பெரிதும் வீழ்ந்தது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. 2024 சனவரியில் அதே வரி 18 வீதமாயிற்று. சுவீடன் யானைக்கு அளவின்றி வயலைத் திறந்துவிட்ட பிழையைச் செய்தது. இலங்கை, யானையைப் பட்டினி போட்டுவிட்டு அது தேர் இழுக்கவேண்டும் என்று எதிர்பார்த்த பிழையைச் செய்தது. முன்னைய பிழைக்கு ஓர் எழுத்தாளர் 37,000 குரோனர் கணக்குக் காட்டினார். பின்னைய பிழையின் கணக்கை மருந்தில்லா மருத்துவமனைகளும், அச்சிடத் தாளின்றி ஒத்திவைக்கப்பட்ட பாடசாலைப் பரீட்சைகளும் காட்டின.

ஆதலின் பொம்பெரிப்பொஸ்ஸாவின் கதையைச் சேமநல அரசுக்கு எதிரான சாசனமாகக் கொள்வோர் அதனைச் சரியாகப் படித்தவராகார். அக்கதைப் பாத்திரம் பணியாரத்தை வேண்டாமென்று கூறவில்லை. தான் மா இடமாட்டேன் என்றும் கூறவில்லை. இடுகின்ற ஒவ்வொரு பிடி மாவுக்கும் தன் வீட்டுப் பானையிலிருந்தும் சிறிது எடுக்கப்படுதல் ஏன் என்று கேட்டாள். அக்கேள்விக்கு ஏளனத்தை விடையாகத் தந்ததே அரசின் பிழை. முழுக் கணக்கையும் காட்டாமை கதையின் குறை. எனினும் நையாண்டிக்கு முழுக் கணக்குக் காட்டும் கடமை இல்லை, விடுபட்ட எண்ணைச் சுட்டுவதே அதன் கடமை. எஞ்சிய எண்களை நிரப்புதல் வாசகர் கடன்.

கதையின் இறுதியில் நூல் எழுதுவதைக் கைவிட்டவள் பொம்பெரிப்பொஸ்ஸா. அவளைப் படைத்தவரோ கைவிடவில்லை. 1981ஆம் ஆண்டில், தம் எழுபத்துமூன்றாம் வயதிலே, கொள்ளைத் தலைவன் மகள் றொஞ்ஞாவின் கதையை அஸ்திரித் லிண்ட்கிரேன் வெளியிட்டார். மனிதர் காசுக்காக மட்டும் உழைப்பவரல்லர் என்பது அதனாற் புலனாகும். ஆயினும் அந்நன்மனத்தையே நம்பி நூற்றுக்கு 102 கேட்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.